எத்தனை குதிரை வேணும்?

"சார், எத்தனை ஹெச்.பி. எடுக்கலாம்?"

வங்கியில் இருந்த காலத்திலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. ஓய்வு பெற்று வயலுக்கு வந்த பிறகும் வருகிறது. அன்று உழவுக்காகக் கேட்டார்கள். இன்று இயற்கை வேளாண்மைக்கு மாறிய நண்பர்கள் பாரம் இழுப்பதற்காகக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். யூரியாவும் பொட்டாஷும் போட்டவரைக்கும் ஏக்கருக்கு இரண்டு மூன்று மூட்டை, டி.வி.எஸ். வண்டியிலேயே வயலுக்குப் போய்விடும். தொழுவுரம் என்றால் ஏக்கருக்கு 5 டன் என்பது கணக்கு. ஐந்து ஏக்கருக்கு 25 டன். அதற்கு மேல் வைக்கோல், நெல் மூட்டை, விதைக் கரும்பு, பண்ணைக்கு வேண்டிய இதர சாமான். "பெருசா ஒண்ணு எடுத்துட்டா ஒரே நடையில இழுத்துடலாம்ல?" என்று அடுத்த கேள்வியும் சேர்ந்தே வரும்.

35 ஹெச்.பி. போதுமா, 45 வேண்டுமா, 50-க்கு மேல் போகலாமா என்று ஷோரூமில் கேட்டால் பதில் எப்போதும் மேல்நோக்கித்தான் வரும். அதனால் கணக்கை நாமே வீட்டில் போட்டுப் பார்ப்போம். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு குதிரை என்றால் எவ்வளவு?

75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைதான் ஒரு குதிரைத்திறன். நம்ம ஊர் அளவில் சொன்னால், நடுத்தர உழவு மாடு ஒரு ஜோடி நாள் முழுக்கத் தளராமல் தரக்கூடிய சக்தி ஏறக்குறைய ஒரு ஹெச்.பி. அந்த ஒரு ஹெச்.பி.யை வைத்துக்கொண்டுதான் நம் தாத்தாக்கள் டயர் வண்டியில் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் சந்தைக்கும் நீடாமங்கலம் ரயிலடிக்கும் போனார்கள். ஒரு ஜோடி மாடு அவ்வளவு இழுத்தது எப்படி? மெதுவாகப் போனது, அதனால் இழுத்தது. இந்தப் பாடம்தான் கட்டுரை முழுக்க வரப்போகிறது.

டிராக்டருக்கான சூத்திரம் இது. இழுக்க வேண்டிய விசையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகமோ அதால் பெருக்குங்கள். 270-ஆல் வகுங்கள். வருவது ஹெச்.பி.

இழுக்க வேண்டிய விசையும் ஏற்றிய எடையும் ஒன்றல்ல. சக்கரத்தில் உருளும் பாரத்தை இழுக்க அதன் எடையில் ஒரு சிறு பங்கு விசை போதும். தார் ரோட்டில் நூற்றுக்கு 2 முதல் 3; காய்ந்து இறுகிய மண் பாதையில் 5, 6; ஈரக் களியில் 15, சில இடத்தில் அதற்கும் மேல்.

இப்போது நம் வண்டி. டிராக்டர் சுமார் 2 டன், காலி டிப்பர் ஒன்றரை டன், பாரம் 5 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டரை டன். தார் ரோட்டில் நூற்றுக்கு இரண்டரை என்றால் 212 கிலோ விசை. 20 கி.மீ. வேகத்தில் போக 16 ஹெச்.பி. போதும். காய்ந்த வண்டிப் பாதையில் 510 கிலோ விசை, 10 கி.மீ. வேகத்தில் 19 ஹெச்.பி. ஆற்றுக்கரை மேல் ஏறும் ரோடு, இருபது அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால், 10 கி.மீ. வேகத்தில் 24 ஹெச்.பி. எஞ்சினில் பிறக்கும் சக்தி சக்கரத்துக்கு வந்து சேர்வதற்குள் கால்பங்கு போய்விடும் என்று கழித்தாலும் எஞ்சினில் 32 ஹெச்.பி. இருந்தால் ஆயிற்று.

அதாவது, நம் டெல்டாவின் சமதரையில் 5 டன் இழுக்க 35 ஹெச்.பி. எஞ்சினே போதும். கொடைக்கானல் மலை ஏறுபவருக்குக் கணக்கு வேறு. கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் நமக்கு ஏற்றம் என்று சொன்னால் ஆற்றுக்கரையும் பாலமும்தான்.

சேற்றில் எஞ்சின் பேசாது

"அப்புறம் ஏன் சார் வண்டி மாட்டிக்குது?" என்று கேட்பீர்கள். மாட்டிக்கொள்ளும் இடத்தில் எஞ்சின் நின்றுபோகிறதா, சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சக்கரம்தான் சுற்றும். எஞ்சினில் சக்தி இருக்கிறது. மண்ணில் பிடிப்பு இல்லை.

பிடிப்பு என்பது பின்சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது. 2 டன் டிராக்டரில் பின்சக்கரத்தின் மேல் சுமார் 1,300 கிலோ நிற்கும். ஈரக் களியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிப்பாக மாறாது. 400 கிலோ விசை கிடைத்தால் அதிகம். அதே ஈரக் களியில் 5 டன் ஏற்றிய டிப்பரை நகர்த்த 975 கிலோ விசை வேண்டும். இரண்டரை மடங்கு! 35 ஹெச்.பி.யும் அங்கே சுற்றும், 55-ம் சுற்றும். பெரிய எஞ்சின் கொஞ்சம் ஆழமாகக் குழி பறிக்கும், அவ்வளவுதான். 35-க்கும் 50-க்கும் வண்டியின் எடை வித்தியாசம் சில நூறு கிலோதான். அந்தச் சில நூறு கிலோவுக்காகச் சேறு வழிவிடாது.

இதை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் ஹாரி ஃபெர்குசன். இன்று எல்லா டிராக்டரின் பின்னாலும் இருக்கிற த்ரீ பாயிண்ட் லிங்க் அவருடைய ஏற்பாடு. கலப்பையின் இழுவையே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும்படி அமைத்தார். 1946-இல் இங்கிலாந்தில் வந்த அவருடைய சாம்பல் நிற டிராக்டர் எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். சக்தி 25 ஹெச்.பி. அளவே. அதற்கென்று அவர் செய்த 3 டன் டிரெய்லரில் அச்சைப் பின்னால் தள்ளி வைத்தார். பாரத்தின் ஒரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தில் இறங்கும்; பிடிப்பு கூடும். நம் இரண்டு சக்கர டிப்பர்களும் அதே தத்துவம்தான். 1960-இல் தஞ்சை மாவட்டம் பேக்கேஜ் திட்டத்தில் சேர்க்கப்பட்டபின் நம் வயல்களுக்கு உரமும் புது விதையும் வந்தன. கூடவே இந்த ஃபெர்குசன் பரம்பரை டிராக்டர்களும் மெல்ல வந்தன. சின்ன வண்டி, பெரிய வேலை என்பது அன்றைக்கே நிரூபணமானது.

எனவே இரண்டு சக்கர டிப்பரில் பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் கூடுதலாக ஏற்றுங்கள். பின்பக்கமாகக் குவித்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பிடிப்பு போகும். கொக்கியை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். "கொஞ்சம் மேல மாட்டினா நல்லா இழுக்குது" என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். பின் அச்சுக்கு மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே கவிழும். அதில் உயிர் தப்புவது அபூர்வம்.

இழுத்தால் போதுமா, நிறுத்த வேண்டாமா?

வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். இங்கிலாந்தில் புதிதாகக் கேரவன் இழுப்பவருக்கு அங்குள்ள சங்கங்கள் சொல்லும் அறிவுரை இது: சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இழுக்கிற வண்டி கனமாகவும் இழுபடுகிற வண்டி லேசாகவும் இருந்தால்தான் கட்டுப்பாடு நம் கையில் இருக்கும் என்பது காரணம். 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குத் தனி பிரேக் அங்கே கட்டாயம்.

நாம் என்ன செய்கிறோம்? 2 டன் டிராக்டருக்குப் பின்னால் ஆறரை டன். மூன்று மடங்கு. நம் பக்கம் ஓடும் டிப்பர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. இத்தனை நாள் ஓடுகிறதே என்றால், மெதுவாகப் போவதால் ஓடுகிறது. வேகம் 20-லிருந்து 30 ஆனால் நிறுத்த வேண்டிய உந்துதல் ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. பெரிய எஞ்சின் வாங்கியவர் முதலில் அனுபவிப்பது இந்த வேகத்தைத்தான். வெண்ணாற்றுக் கரையிலிருந்தோ புது ஆற்றுப் பாலத்திலிருந்தோ இறங்கும்போது பின்னால் இருக்கிற ஆறரை டன் நம்மைத் தள்ளும். டிராக்டர் ஒரு பக்கம், டிப்பர் ஒரு பக்கம் மடங்கும்.

அதனால் என் யோசனை, எஞ்சினுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைக்கும் பணத்தில் ஒரு பங்கை டிப்பரின் பிரேக்குக்குக் கொடுங்கள். ரோட்டில் ஏறும் முன் இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கொண்டி போடுங்கள். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக இருப்பவை அவை. ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுற்றிவிடும். இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டிப்பருக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிர்பட்டையும் இருக்கட்டும். தை மாத இரவில் பனியில் நிற்கும் டிப்பர் தெரியாமல் எத்தனை பைக்குகள் மோதியிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். டிப்பருக்கும் தனிப் பதிவும் இன்சூரன்சும் வேண்டும். நடவுக்குப் போகும் பெண்களை டிப்பரில் ஏற்றாதீர்கள். அது சரக்கு வண்டி. விபத்து நடந்தால் அந்தக் குடும்பங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்து சேராது.

மண் என்ன சொல்கிறது?

இயற்கை விவசாயிக்கு இதுதான் பெரிய கேள்வி. எருவும் பசுந்தாளும் கொடுத்து, மண்புழுவை வரவழைத்து, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறோம். அதன் மேலேயே எட்டரை டன்னை ஓட்டினால்?

மேல்மண் இறுகுவது டயரின் அழுத்தத்தைப் பொறுத்தது. அடிமண் இறுகுவது அச்சின் மேல் உள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. மேல்மண்ணை அடுத்த உழவில் சரிசெய்யலாம். அடிமண் இறுக்கம் வருடக்கணக்கில் நிற்கும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க ஒரு கெட்டித் தளம் வேண்டும்தான். தொழி உழவில் அது தானாகவே உண்டாகிறது. ஆனால் தாளடிக்குப் பின் தெளிக்கிற உளுந்தும் பயறும் ஈரம் தேடி வேரைக் கீழே விட வேண்டும். ஈர வயலில் டிப்பர் போன தடத்தில் உளுந்துச் செடி குட்டையாக, மஞ்சளாக நிற்பதை யாரும் பார்க்கலாம்.

நம் மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காவிரி, வெண்ணாற்றுப் பழைய பாசனப் பகுதியில் கனத்த களி. 1934-இல் மேட்டூர் அணை வந்த காலத்தில் கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற பகுதியில் செம்மண்ணும் மணலும் கலந்த இடங்கள் அதிகம். களியில்தான் இந்த ஆபத்து மிகுதி. ஆனால் அதே களி சித்திரை, வைகாசியில் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். அப்போது அதன் மேல் பாரம் ஏற்றினாலும் பெரிதாக இறுகாது, இழுவையும் லேசு. எரு அடிக்க வேண்டிய காலம் அதுதான். ஜூன் 12-க்கு மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள் என்று எதிர்பார்த்துக் கடைசி வாரத்தில் அவசரப்பட்டால் கோடை மழையில் மாட்டிக்கொள்வோம். பங்குனிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டால் சின்ன வண்டியே போதும்.

வயலுக்குள் போனாலும் எல்லா இடத்திலும் ஓட்டாதீர்கள். மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. எனவே ஒரே தடத்தில் போய் ஒரே தடத்தில் வாருங்கள். ஓரத்தில் கொட்டிவிட்டு மற்றதைக் கூடையிலோ தள்ளுவண்டியிலோ பரப்பலாம்.

எஞ்சினைக் கூட்டும் முன் பாரத்தைக் குறைப்போம்

25 டன்னையும் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டுமா? தக்கைப்பூண்டு, சணப்பு விதையை ஏக்கருக்கு 20 கிலோ தெளித்தால் 45 நாளில் பல டன் பசுந்தாள் வயலிலேயே நிற்கிறது. ஒரு கிலோவைக்கூட நாம் இழுக்கவில்லை. கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போட்டால் எரு தன் காலாலேயே நடந்து வருகிறது. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர். பேரலில் தண்ணீரோடு கலந்து விட்டால் ஆயிற்று. மூடாக்கு வைக்கோலை வயலிலேயே விட்டால் ஏற்றி இறக்கும் வேலை மிச்சம். இதையெல்லாம் செய்கிற பண்ணையில் உண்மையில் இழுக்க வேண்டிய எரு பாதியாகக் குறைந்துவிடும்.

மாட்டையும் மறந்துவிட வேண்டாம். உம்பளச்சேரி மாடு இந்தச் சேற்றுக்காகவே நம் முன்னோர் தேர்ந்து வளர்த்த இனம். குட்டை உடம்பு, உறுதியான கால். திருத்துறைப்பூண்டி வட்டம் கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணையே இந்த இனத்துக்காக இருக்கிறது. ஒரு ஜோடி வைத்திருப்பவர் வீட்டுக்கும் வயலுக்குமான அன்றாடப் பாரத்துக்கு டிராக்டரைக் கிளப்ப வேண்டியதில்லை. சாணமும் மூத்திரமும் தருகிற எஞ்சின் வேறு எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது.

வங்கி மேசையில் போடும் கணக்கு

டிராக்டர் கடனுக்கு வங்கிகளில் நாங்கள் பார்த்த பழைய அளவுகோல் ஒன்று உண்டு: டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அப்போதுதான் அது தன் கடனைத் தானே அடைக்கும்.

ஐந்து ஏக்கர், இரண்டு போகம் உள்ளவரின் கணக்கைப் பாருங்கள். போகத்துக்கு ஏக்கருக்கு 5 மணி நேரம் உழவு என்றால் 50 மணி. எரு 25 டன்னை இரண்டரை டன்னாகப் பத்து நடை, நடைக்கு 2 மணி என்றால் 20. ஏக்கருக்கு 2 டன் நெல் என்றால் போகத்துக்கு 10 டன், அதாவது கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் 250 சிப்பம், நான்கு நடை. இரண்டு போகத்துக்கு எட்டு நடை, காத்திருப்பும் சேர்த்து நடைக்கு 3 மணி என்றால் 24. எல்லாம் கூட்டினால் நூறு மணிகூட வரவில்லை. மீதி 900 மணி? வாடகைக்கு ஓட்ட வேண்டும். அதாவது நீங்கள் விவசாயியாக மட்டும் இருக்க முடியாது. டிராக்டர் வாடகைத் தொழிலும் செய்ய வேண்டும். அதற்கு மனமும் ஆளும் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

வட்டியைப் பாருங்கள். உதாரணத்துக்கு 8 லட்சம் கடன், 9 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி மட்டும் 72,000 ரூபாய். நூறு மணிக்கு வகுத்தால் மணிக்கு 720 ரூபாய் வட்டிக்கே போகிறது. டீசல், டிரைவர், டயர் எல்லாம் அதற்கு மேல். பெரிய எஞ்சினுக்காக 2 லட்சம் கூடுதலாக வாங்கினால் அதற்கு வட்டி 18,000. எதற்காக? எருவுக்குப் பத்து நடை போவது ஐந்து நடையாகும் என்பதற்காக. ஐந்து நடை மிச்சம் பிடிக்க வருடம் 18,000.

இன்னொன்று. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் போடுகிற நாம் நெல்லாக விற்றால் கட்டாது; அரிசியாக்கி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறோம். பணமும் அப்படித்தான் வருகிறது. தவணைத் தேதி அதற்குப் பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன்னரே பேசுங்கள். 2016-இல் நம் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைக் காவலர்கள் அடித்து டிராக்டரிலிருந்து இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. அந்த அடி எல்லோர் மேலும் விழுந்த மாதிரி இருந்தது. தவணை என்பது வெறும் எண் அல்ல.

என்ன வாங்கலாம்?

எட்டு ஏக்கருக்குக் கீழே இருப்பவர்கள் சொந்தமாக வாங்கும் முன் மூன்று வழிகளைப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகை மூலம் டிராக்டரும் கருவிகளும் மணிக் கணக்கில் வாடகைக்குத் தருகிறது. நம் இயக்கத்து நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். 25 ஏக்கர் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். அல்லது டிப்பரை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டு டிராக்டரை வாடகைக்கு அழைக்கலாம்.

வாங்கத்தான் போகிறோம் என்றால், ஹெச்.பி.யைத் தீர்மானிப்பது பாரம் அல்ல, சுழல்கிற கருவிகள். ஐந்தடி ரோட்டவேட்டருக்கும் வைக்கோல் கட்டும் பேலருக்கும் 35 முதல் 40 வேண்டும். ஆறடி ரோட்டவேட்டர் என்றால் 45-க்கு மேல். ஷோரூமில் சொல்லும் எண் எஞ்சினுடையது, பி.டி.ஓ.வில் எவ்வளவு வருகிறது என்று தனியாகக் கேளுங்கள், பத்து பதினைந்து சதவீதம் குறைவாக இருக்கும். வண்டியின் எடையைக் கேளுங்கள். பிரேக் எண்ணெயில் மூழ்கியதா என்று கேளுங்கள். நம் சேற்றுக்கு அதுதான் நல்லது. கேஜ் வீல் மாட்டினால் அச்சு தாங்குமா என்று கேளுங்கள். பிறகு உங்கள் வயலுக்கே கொண்டுவரச் சொல்லி, உங்கள் டிப்பரை, உங்கள் பாரத்தோடு, உங்கள் வாய்க்கால் மதகு வழியாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் வளைந்து காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வெளியிலிருந்து வாங்குவதைக் குறை என்பதுதான் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அடிப்படைப் பாடம். உரத்தையும் பூச்சிமருந்தையும் விட்டுவிட்ட நமக்கு வெளியிலிருந்து வரும் மிகப் பெரிய இடுபொருள் இன்று டிராக்டர்தான். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கோடையில் ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை டன், எந்தப் பாதை, எத்தனை நடை, எத்தனை மணி நேரம் என்று எழுதி வாருங்கள். ஆடி மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தால், எத்தனை குதிரை வேண்டும் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.